உப்புப் பாலையில் நூற்று நாற்பத்தாறு சுற்று

எங்கள் பேரவையின் விதிப்படி, இதை எழுதுவதற்கே நான் செயற்குழுவின் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. விண்ணப்பம் கொடுத்தால் பரிசீலனையில் வைப்பார்கள். எனக்கு அறுபத்து நான்கு வயதாகிறது; பரிசீலனைக்கு ஒதுக்க என்னிடம் ஆண்டுகள் மிச்சமில்லை.

என் பெயர் வர்த்தமானன். போளூர் பக்கத்துச் சமணக் குடும்பம். அப்பா நெல்லும் மணிலாக் கொட்டையும் பயிர் வைத்தார். நான் சர்வேயராகி முப்பத்து மூன்று வருடம் அடுத்தவர் நிலத்தை அளந்தேன். ஓய்வு பெற்றதும் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாக மனை பிரித்த இடத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, நானும் மனைவி ஜினமதியும் இருக்கிறோம்.

ஜினமதிக்குக் கண்ணில் பிரஷர். பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வருகிறது. நேர் எதிரே இருப்பது மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரியும். அதுவும் வெளிச்சம் வேண்டும். போன ஐப்பசியில் வேலூரில் டாக்டர், போன பார்வை திரும்பாது, இருப்பதும் எத்தனை நாளைக்கென்று சொல்ல முடியாது என்றார். "பாக்கணும்னு ஆசப்பட்டத எல்லாம் பாத்துடுங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், கண்ணமங்கலம் தாண்டும்போது அவள் என் கையைத் தட்டினாள்.

"இன்னாங்க, டிவில காட்னாங்களே, குஜராத்துல உப்புத் தரை. பௌர்ணமில ஊரே வெள்ளையா கெடந்துச்சே. அவ்ளோ வெள்ளைன்னா எனக்கும் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன். மேல்சித்தாமூர் சமண மடத்துத் தேரைத் தவிர அவளை நான் எங்கும் கூட்டிப்போனதில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எனக்கு இந்தி வராது, அவளுக்குக் கண் தெரியாது. பெங்களூரில் இருக்கும் மகன் தர்ஷன், "குரூப்பா போங்கப்பா, அதான் சேஃப்" என்றான். அப்படித்தான் போய் மாட்டினோம்.

அருணை அனைத்துத்துறை ஓய்வு அலுவலர் பயணப் பேரவை என்பது வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்குகிறது. தலைவர் கலையரசன். ஏதோ ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தியை அவரிடம் யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். செயலாளர் மணிவேல் கழுத்தில் விசிலும் கக்கத்தில் வருகைப் பதிவேடுமாக இருப்பார். உறுப்பினர்கள் முப்பத்தாறு பேர். பேரவை இதுவரை ஒன்பது சுற்றுலா போயிருக்கிறது. எதில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப்பார்த்தேன். மூன்றாவது சுற்றுலாவில் குழு புகைப்படம் நன்றாக வந்தது என்றார்கள்.

புறப்படுவதற்கு முன்னாலேயே பதினோரு சுற்றறிக்கை வந்தது. ஏழாம் எண் சுற்றறிக்கை முக்கியமானது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால் எந்த உறுப்பினரும், எந்தக் காரணம் கொண்டும், இயற்கை அழைப்பு உட்பட, தனியாகச் செல்லக் கூடாது. எட்டாம் எண், பேரவைச் சமையல்காரர் அர்ஜுனன் கையால் சமைத்ததைத் தவிர வேறெதையும் உண்ணக் கூடாது. இரவு உணவு ஒன்பது மணிக்கு.

நாங்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. அதைச் சொல்லி, மாலை ஐந்தரைக்கே இரண்டு தோசை கிடைக்குமா என்று விண்ணப்பம் கொடுத்தேன். சென்னையில் ரயில் ஏறும்போது கொடுத்தது. அகமதாபாத்தில் இறங்கும்போது பதில் வந்தது: 'தங்கள் கோரிக்கை உணவுத் துணைக்குழுவின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது.' அந்த ஊரில் தெருவுக்கு நாலு கடையில் சமணச் சாப்பாடு என்று பலகை தொங்கியது. பலகைகளைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் பட்டினியாக நடந்தோம். ஜினமதி கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. சமையல் துறையின் மாண்பைக் குறைப்பதாகச் சொல்லி மணிவேல் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். உப்பைப் பார்த்தால் போதும் என்று இருந்தோம்.

அகமதாபாத்திலிருந்து வாடகைப் பேருந்தில் போகும்போதுதான் பூகம்பம் வந்தது. மணிவேல் நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தவர், எழுந்து நின்று விசில் ஊதினார்.

"தலைவரே! நாளைக்கி பௌர்ணமி!"

பௌர்ணமி என்பதற்காகவேதான் இந்தத் தேதி போட்டது. அழைப்பிதழிலேயே 'பௌர்ணமி நிலவில் வெண்பாலை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பௌர்ணமி என்றால் அது திருவண்ணாமலைப் பௌர்ணமி. குஜராத்தில் வருவதும் அதே நிலா, அதே நாளில்தான் வரும் என்று முப்பத்தாறு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் உட்படத்தான்.

விஷயம் என்னவென்றால், தலைவர் கலையரசன் இருநூற்றுப் பதினோரு பௌர்ணமி விடாமல் கிரிவலம் வந்தவர். பேரவையின் கடிதத் தாளிலேயே அந்த எண் இருக்கிறது. மாதாமாதம் ஒன்று கூட்டிப் புதிதாக அச்சடிப்பார்கள். ஓடும் பேருந்திலேயே அவசரச் செயற்குழு கூடியது. தலைவர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"உறுப்பினர் பெருமக்களே! நான் பதவியில் இருந்த காலத்திலேயே கிரிவலத்தை விட்டவனல்ல. பௌர்ணமி வேலை நாளில் வந்தால், மதியம் மூணு மணிக்கே நாற்காலியில் சட்டையைப் போட்டுவிட்டு மலைக்குப் போய்விடுவேன். ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை! மனு கொடுக்க வந்தவர்கள் நாற்காலியைப் பார்த்துவிட்டு நாளைக்கு வருவார்கள். அப்படிப்பட்ட கடமை உணர்ச்சியை ஒரு உப்புக்காக விட முடியுமா?"

பலத்த கைதட்டல். மலை இல்லாத ஊரில் கிரிவலம் எப்படி என்ற ஐயத்தை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சகாதேவன் எழுப்பினார். எழுப்பியதற்காக வருத்தமும் தெரிவித்தார். தலைவர் தயாராக இருந்தார்.

"மலை இல்லாட்டி இன்னா? அண்ணாமலையார் படம் பஸ் கண்ணாடில மாட்டிக்கிறோம். படம் இருக்கற பஸ்ஸ சுத்துவோம். பதினாலு கிலோமீட்டர். ஒரு அடி கம்மி ஆகக்கூடாது. நம்ம வர்த்தமானன் சர்வேயராச்சே, அளந்து குடுப்பாரு."

முன்மொழிந்தவர் மணிவேல். வழிமொழிந்தவரும் மணிவேல், பொருளாளர் சார்பில். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

எனக்கு அப்போது ஒரு நல்ல யோசனை வந்தது. வாழ்க்கையில் எனக்கு வந்த நல்ல யோசனைகளில் ஒன்றுகூட இதுவரை உருப்பட்டதில்லை என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். பஸ் நிறுத்துமிடத்திலிருந்து வெள்ளை உப்பு ஒரு கிலோமீட்டர் என்று டிரைவர் சைகையில் சொல்லியிருந்தார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒரு வரைபடம் போட்டேன். இரண்டேகால் கிலோமீட்டர் ஆரத்தில் ஒரே ஒரு பெரிய வட்டம். ஒரு சுற்று சுற்றினால் பதினாலு கிலோமீட்டர் வந்துவிடும். வட்டத்தின் மேற்குப் பகுதி உப்பின் மேலேயே போகும். ஜினமதியைக் கையைப் பிடித்து அந்தப் பகுதியில் மட்டும் நடத்திப் போய்விடலாம்.

காலையில் தலைவர் வரைபடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அருமை. பிரமாதம். ஆனா ஏழாம் நம்பர் சுற்றறிக்கை?"

"ஐயா, இது எல்லாரும் சேர்ந்து போறது. தனியா இல்லைங்களே."

"அம்பது அடின்னு போட்டது நானு. நானே மீறினா நாளைக்கி யாரு மதிப்பா? அம்பது அடிலயே வட்டம் போடுங்க. எத்தன சுத்து வருது?"

கணக்குப் போட்டேன். என் கையாலேயே போட்டேன். "நூத்தி நாப்பத்தாறு, ஐயா."

"அவ்ளோதானே?" என்றார் தலைவர்.

பாலைவனத்துக்கு நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அகலமான மண் திடலில் நூறு வண்டி நின்றது. குஜராத்திக் குடும்பங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்துகொண்டிருந்தன. அங்கே, தூரத்தில், வானத்துக்கும் தரைக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. ஜன்னலோரம் இருந்த ஜினமதியின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன். "தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலயே. கிட்ட போனா தெரியும். போலாம் வாங்க."

நாங்கள் இறங்கப் போனபோது மணிவேல் படியில் கையை நீட்டி மறித்தார். "அம்மா எறங்கக்கூடாதுங்க. பார்வை கொறைபாடு உள்ள உறுப்பினர் பொழுது சாயற நேரத்துல வண்டிலதான் இருக்கணும். பன்னண்டாம் நம்பர் சுற்றறிக்கை."

"பதினொண்ணுதானேங்க வந்துச்சி?"

"பன்னண்டு இப்பதான் போட்டோம். நல்லதுக்குத்தாங்க."

"அவ பாக்கறதுக்குத்தாங்க வந்ததே" என்றேன். என் குரல் கெஞ்சியது, எனக்கே கேட்டது. "பத்து நிமிஷம். நான் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வந்துடறேன்."

"கிரிவலம் முடியட்டும். அப்பால தீர்மானம் போட்டு எல்லாரும் போலாம். உங்களுக்கு வேற முக்கியமான பொறுப்பு குடுத்துக்கீறாரு தலைவரு."

அந்தப் பொறுப்பு என்னவென்றால், கிரிவலப் பாதையில் இருப்பதுபோல எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் வேண்டும். எட்டு உறுப்பினர்கள் ஆளுக்கொரு அட்டைப் பலகையைப் பிடித்துக்கொண்டு வட்டத்தின் ஓரத்தில் அந்தந்தத் திசையில் நிற்க வேண்டும். மேற்கே வருண லிங்கம். அது நான்.

"நீங்க சமணரு. சுத்தியே ஆவணும்னு இல்ல" என்று தலைவர் என் தோளைத் தட்டினார். "நின்னா போதும். பேரவை எல்லா மதத்தையும் மதிக்குது."

வட்டம் போடச் சுண்ணாம்பு இல்லை. ஆனால் பேரவை தூக்கிவந்த சாமான்களில், விடுதி வாசல்களில் நம் பண்பாட்டை நிலைநாட்டுவதற்காக இரண்டு மூட்டைக் கோலமாவு இருந்தது. அதைக் கொட்டி ஒரு முழம் அகலத்துக்கு வட்டம் போட்டார்கள். நான்தான் கயிறு பிடித்தேன். வட்டம் துல்லியமாக வந்தது. கிரிவலம் மௌனமாக நடக்க வேண்டும், சுற்றுக்கணக்கு வருண லிங்கத்தில் எடுக்கப்படும், லிங்கம் இடம்விட்டு நகர்ந்தால் அந்தச் சுற்று செல்லாது என்று அறிவித்துவிட்டு மணிவேல் விசில் ஊதினார். லிங்கங்கள் பேருந்தைப் பார்த்து நிற்க வேண்டும். உப்பு எனக்கு முதுகுப்பக்கம் இருந்தது.

அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார்கள். சூரியன் என் பின்னால் எங்கேயோ விழுந்தது. எதிரே, பேருந்துக்கு மேலே, நிலா பெரிதாக வந்தது. மற்ற வண்டிகளில் வந்தவர்கள் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். உப்பைப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் அரை மணி நேரம் எங்களைப் படம் எடுத்துவிட்டு உப்பைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

முப்பத்தோராவது சுற்றில் என்னால் முடியவில்லை. பலகையைப் பிடித்தபடியே பேருந்தை நோக்கி இரண்டு அடி வைத்தேன். விசில் அலறியது. மொத்தக் கூட்டமும் அப்படியே நின்றது. மௌனம் என்பதால் யாரும் திட்டவில்லை. ஆனால் வாய் திறக்காமல் எவ்வளவு திட்ட முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மணிவேல் பதிவேட்டில் முப்பத்தொன்றை அடித்துவிட்டு மறுபடி முப்பது என்று எழுதினார். அறுபத்தெட்டு வயதான ராஜம்மாள் தன் வலிக்கும் காலைப் பிடித்துக் காட்டி என்னைக் கும்பிட்டாள். நான் என் இடத்துக்கே போய் நின்றுகொண்டேன்.

நாற்பதாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது, பேருந்தின் படியில் ஜினமதி தெரிந்தாள். தானே கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். காலால் தடவிக்கொண்டே வந்தாள். நடந்துபோன ராஜம்மாளின் முந்தானையில் கை பட்டது. பிடித்துக்கொண்டாள். ராஜம்மாளால் பேச முடியாது, விரதம். இழுத்துக்கொண்டே போனாள். மணிவேல் பார்த்தார்; விசில் ஊதினால் இன்னொரு சுற்று செல்லாமல் போகும் என்று விட்டுவிட்டார்.

ஜினமதி குனிந்து பார்த்தாள். காலடியில், அவள் பார்வைக்கு எட்டிய அந்தச் சின்ன வட்டத்துக்குள், நிலா வெளிச்சத்தில் கோலமாவு வெள்ளையாகக் கிடந்தது. எத்தனையோ கால் மிதித்து நன்றாக அகலமாகப் பரவியிருந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி இருந்ததில்லை.

என்னைத் தாண்டும்போது நேராக என் முகத்தைப் பார்த்தாள். "வந்துட்டேங்க" என்றாள். "எவ்ளோ வெள்ளை! நீங்க சொன்ன மாதிரியே எனக்குத் தெரியுது."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ராஜம்மாள் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த சுற்றில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் அவள் என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். அதற்கடுத்த சுற்றில் குனிந்து ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அதன்பிறகு எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் அத்தனை உப்பு கொட்டிக் கிடக்க, நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டி கோலமாவில் சந்தோஷமாக நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையை எடுத்தால் பலகை சாயும்.

தொண்ணூற்று மூன்றாவது சுற்றில் காவலர்கள் வந்து திடலைக் காலி செய்யச் சொன்னார்கள். மீதி ஐம்பத்து மூன்று சுற்றுகளும் 'சூழ்நிலை கருதி சுற்றியதாகக் கருதப்படும்' என்று தீர்மானம் போட்டு, பேருந்து கிளம்பியது. உப்பைப் பார்க்கும் தீர்மானத்துக்கு நேரமில்லை.

விடுதியில் ஜினமதி கைக்குட்டையைத் தலைமாட்டில் வைத்தாள். "நாக்குல வச்சிப் பாக்கணும் போல இருக்குது. பொழுது போயிடுச்சி. காலைல பாக்கறேன்."

விடிந்ததும் அவள் பல் தேய்க்கப் போனாள். நான் அர்ஜுனனின் சமையல் கட்டுக்கு ஓடினேன். "ஒரு கை பொடியுப்பு குடுய்யா." அவன் ஏன் என்று கேட்டான். "வயிறு சரியில்ல" என்றேன். கோலமாவை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு உப்பை முடிந்து வைத்தேன். முப்பத்து மூன்று வருட சர்வீஸில் ஒரு எல்லைக் கல்லைக்கூட நகர்த்தி வைக்காதவன் நான்.

அவள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "உப்புதாங்க" என்றாள். "நம்ம வீட்டு உப்பு மாதிரியேதான் கீது. ஆனா இதுக்கு ஒரு ருசி ஜாஸ்தி."

பேருந்து கிளம்பியதும் வழக்கம்போல நன்றி அறிவிப்புக் கூட்டம் நடந்தது. குழுவில் பாலைவனத்தைப் பார்த்தவர் யார் என்று தலைவர் கேட்டார். ஆண்டறிக்கையில் ஒரு பத்தி எழுத வேண்டுமாம். முப்பத்தாறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜினமதி மட்டும் கை தூக்கினாள். நான் அவள் கையைக் கீழே இழுக்கப் பார்த்தேன். அதற்குள் மணிவேல் பொன்னாடையோடு வந்துவிட்டார். பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவள் வாழ்க்கையில் மைக் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"ரொம்ப வெள்ளையா இருந்துச்சிங்க" என்றாள். "நடக்க நடக்கத் தீரவே இல்ல. அவ்ளோ பெரிய எடத்துல எங்க தொலைஞ்சி போயிடுவேனோன்னுதான் மொதல்ல பயந்தேன். ஆனா கொஞ்ச தூரம் போவேன், பாத்தா எங்க வீட்டுக்காரரு நின்னுக்கினு இருப்பாரு. இன்னும் கொஞ்ச தூரம் போவேன், அங்கயும் நின்னுக்கினு இருப்பாரு. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு, நான் போற எடத்துக்கெல்லாம் முன்னாடி ஓடிப் போயி நின்னாருங்க, பாவம்."

எல்லாரும் கை தட்டினார்கள். தலைவர் எழுந்து நின்று தட்டினார். நானும் தட்டினேன்.